தட்டினால் தெரியுமா தரம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொழில்துறையில் தரக் கட்டுப்பாடு'. பத்து வருடத்துக்கு மேல் அந்த வேலைதான் பார்க்கிறேன் என்பதால் கொடுத்திருக்கிறார். தலைப்பை நான் மாற்றவில்லை. பொருளை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். இன்று பேசப்போவது பிரேக் டிரம்மைப் பற்றி அல்ல, வாசிக்கிற டிரம்மைப் பற்றி.

ஏன் என்றால், இன்று மாலை பொதுக்குழுவில் ஏழாவது தீர்மானம் வருகிறது. மாணவர் இசைக் குழுவுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயில் புதிய டிரம்ஸ் செட். பழையது குப்பை, அதனால் புதியது. நல்ல எண்ணம்தான். நானும் பணம் கொடுத்திருக்கிறேன். ஆனால் நேற்று முன்தினம் இப்போதைய டிரம்மரிடம், மூன்றாம் ஆண்டு இசிஇ மாணவி, போனில் பேசினேன். அந்தப் பெண் சொன்னாள்: "அண்ணா, என்ன அடிச்சாலும் செட்டு நல்லா பேச மாட்டேங்குது. ஆனா எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க." அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே வார்த்தையை இதே காம்பவுண்டுக்குள் ஏற்கெனவே ஒருவனிடம் கேட்டிருக்கிறேன். அந்த 'குப்பை' செட்டை வாங்கியவனும் நான்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரி. நாங்கள் மூன்றாம் ஆண்டு. லைட் மியூசிக் குழுவில் எல்லாம் உண்டு, டிரம்ஸ் மட்டும் கிடையாது. கடன் வாங்கிய ரிதம் பேடை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். ஹாஸ்டலில் அறை அறையாக வசூல் செய்து 18,500 ரூபாய் தேறியது. சென்னைக்கு நைட் பஸ் ஏறினோம், மூன்று பேர். அதில் டிரம்மர் கிடையாது. அவனுக்கு மறுநாள் அரியர் பரீட்சை. தேர்வுக் குழுத் தலைவர் நான். தகுதி? பேரம் பேசத் தெரியும்.

கடையில் எப்படித் தரம் பார்த்தோம் என்று கேளுங்கள். சிவப்பு நிறம் மினுமினுத்தது. ஸ்டாண்டில் முகம் தெரிந்தது. தூக்கிப் பார்த்தோம், நல்ல கனம். கடைப் பையன் உட்கார்ந்து ஒரு ரோல் உருட்டினான். சின்ன அறை, நாலு பக்கமும் கண்ணாடி, காது கிழிந்தது. "எப்படிண்ணே சவுண்டு?" என்றான். "சூப்பர்" என்றோம். ஐந்நூறு ரூபாய் குறைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி கல்ச்சுரல்ஸில் அந்த செட் மேடை ஏறியது. 13 அங்குல டாம் அடித்தால் 'டொய்ங்' என்று ஆரம்பித்து 'வௌ... வௌ... வௌ' என்று அழுதது. பாஸ் கிடார்க்காரன் வாசித்தால் ஸ்நேர் தானாக உறுமியது. பெரிய டிரம் ஒவ்வொரு பாட்டுக்கும் அரையடி முன்னால் நகர்ந்தது. முதலாம் ஆண்டுப் பையன் ஒருவனை எதிரே உட்காரவைத்துக் காலால் அணைகட்டினோம். மூன்றாவது பாட்டில் பெடலின் கொட்டான் கழன்று விழுந்தது. பரிசு வேறு கல்லூரிக்குப் போனது. "டிரம்மர் சொதப்பிட்டான்" என்றார்கள். நானும் சொன்னேன். முதலில் சொன்னவனே நானாக இருக்கலாம். அவன் அதற்கப்புறம் நாலாம் வருடம் முழுக்க அந்த செட் பக்கம் போகவில்லை.

விஷயம் எனக்குப் புரிந்தது 2016-ல், ஓசூரில். நான் குடியிருந்த தெருவில் ஒரு சர்ச். அங்கே ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் வாரநாட்களில் லேத் ஓட்டுபவர். பொழுதுபோகாமல் நானும் ஒரு பழைய செட் வாங்கி, அவரிடம் காட்டினேன். இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதை இன்னும் யாரும் கட்டவே இல்ல. கட்டாத டிரம்ம எப்படி நல்லது கெட்டதுன்னு சொல்றது?"

கட்டுவது என்றால் சுருதி கூட்டுவது. இங்கேதான் நமக்கு வெட்கம் வர வேண்டும். மிருதங்க வித்வான் கல்லையும் கட்டையையும் வைத்துக்கொண்டு வாரைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்காமல் கச்சேரி தொடங்குவாரா? பறை அடிப்பவர் நெருப்பில் காய்ச்சாமல் கையில் எடுப்பாரா? நம் ஊரில் தோல்கருவி தொட்ட எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. பெட்டியைப் பிரித்து, போல்ட்டை இறுக்கி, நேராக மேடைக்குக் கொண்டுபோனவர்கள் இன்ஜினியரிங் மாணவர்களாகிய நாங்கள்தான்.

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிரம்மில் நாம் கேட்கிற சத்தத்தில் பெரும்பங்கு தோலுடையது. தோல் என்று பழக்கத்தில் சொல்கிறோம். 1957 வாக்கில் பாலியெஸ்டர் பிலிம் வந்து கன்றுத் தோலை ஓரங்கட்டிவிட்டது. அடுத்து குறுக்களவு, இழுவிசை, மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவிலுள்ள காற்று, தோல் உட்காரும் மர விளிம்பு. இதற்கெல்லாம் பிறகுதான் என்ன மரம் என்ற கேள்வி.

வட்டத் தோல் ஒன்று பல விதமாக அதிரும். அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று போகும். வீணைத் தந்தி மாதிரி 1, 2, 3 என்று ஒழுங்காகப் போகாது. மிருதங்கத்தில் மட்டும் எப்படி ஸ்வரம் கேட்கிறது என்று ஆராய்ந்தவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். 1920-லும் 1934-லும் கட்டுரை எழுதினார். வலந்தலையில் ஒட்டிய கரணையின் எடைதான் அந்த மேல் அதிர்வுகளை இழுத்துப் பிடித்து ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. மேற்கத்திய டாமுக்குக் கரணை கிடையாது. அதனால் அதில் சுத்தமான ஸ்வரம் தேடக் கூடாது. தேட வேண்டியது தெளிவு.

அந்த 1.59 இருக்கிறதே, அதுதான் வில்லன். ரிம்மிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தட்டினால் நன்றாகக் கேட்பது அதுதான். சுற்றிலும் இழுவிசை சமமாக இருந்தால் அது ஒரே ஒலி. ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் அது இரண்டாகப் பிளந்து, நெருக்கமான இரண்டு ஒலிகளாகி, ஒன்றோடொன்று மோதி 'வௌ வௌ' என்று அலையும். 2010-ல் மேடையில் அழுதது அதுதான். டாமில் ஆறு டென்ஷன் ராடு. ஆறையும் ஆறு விதமாக இறுக்கியவன் நான். சபை கேட்டது என் ஸ்பானர் வேலையை. பழி போனது அவன் கைக்கு. அவன் இன்று நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நிற்கச் சொன்னால் வெளியே ஓடிவிடுவான், அதனால் சொல்லவில்லை. டேய், அன்னைக்கு நீ சொதப்பலடா. நான்தான் சொதப்பினேன். இதை மைக்கில் சொல்ல இவ்வளவு வருடம் ஆயிற்று.

சரி, இப்போது தரக் கட்டுப்பாடு. குறைந்த விலை செட்டைப் பார்க்கும்போது என் தொழில் கற்றுக்கொடுத்த ஒரே கேள்வி: இதில் பின்னால் மாற்ற முடிந்தது எது, முடியாதது எது? தோலை மாற்றலாம். சுருதியைக் கூட்டலாம். பெடல், சிம்பல், உட்காரும் ஸ்டூல் எல்லாம் தனியாக வாங்கலாம். ஷெல் வட்டமாக இல்லை என்றால் மாற்ற முடியாது. மரை தேய்ந்த லக்கை மாற்ற அலைய வேண்டும். அதனால் கடையில் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் கண்ணையும் விரலையும் உபயோகிக்க வேண்டும். கடையின் சத்தம் பெரும்பாலும் அந்த அறையின் சத்தம். மலிவு செட்டில் கம்பெனி போட்டனுப்பும் தோல் மெல்லியது, மட்டமானது. அதைக் கேட்டு ஷெல்லை மதிப்பிடுவது, தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு வண்டியை மதிப்பிடுவது போல. வீடியோவில் கேட்டதைவைத்து முடிவு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே புதுத் தோல், நாலைந்து மைக், கைதேர்ந்த ஆள் எல்லாம் சேர்ந்து பேசுகிறது. உங்கள் மொபைலில் பதிவு செய்து கேட்பதும் உதவாது. பெரிய சத்தத்தை அது தானாகக் குறைத்துவிடும், சின்னச் சத்தத்தைக் கூட்டிவிடும்.

நேற்று மாலை என்ன செய்தோம் என்று சொன்னால் முறை புரியும். மேடைக்கு அடியிலிருந்து பழைய செட்டை இழுத்தோம். நானும் அவனும். (அவனைக் கூட்டிவர நான் பட்ட பாடு தனிக் கதை.) எல்லாத் தோலையும் கழற்றினோம். ஒர்க்‌ஷாப்பில் அனுமதி வாங்கி சர்ஃபேஸ் பிளேட் மேல் ஒவ்வொரு ஷெல்லையும் கவிழ்த்து, விளக்கை அணைத்து, உள்ளே டார்ச் வைத்தோம். விளிம்புக்கும் பிளேட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அங்கே தோல் சரியாக உட்காராது, எத்தனை சுருதி கூட்டினாலும் பிடிக்காது. 12 அங்குல டாமில் ஒரு கீற்றுகூட இல்லை. 16 அங்குல ஃப்ளோர் டாம் சுத்தம். அந்த 13 அங்குல டாமில் ஓர் இடத்தில் ஃபீலர் கேஜ் 0.15 மில்லிமீட்டர் இதழ் நுழைந்தது. ஆக, அழுகையில் ஒரு பங்கு அதற்கும் உண்டு. முழுப் பழியையும் நான் ஏற்க வேண்டியதில்லை. சமமான பரப்பில் உப்புத்தாளை விரித்து ஷெல்லைக் கவிழ்த்துத் தேய்த்தால் இந்த அளவு சரியாகிவிடும். 22 அங்குல பெரிய டிரம்மை மெஸ்ஸின் கிரானைட் மேடையில் கவிழ்த்துப் பார்த்தோம். மெஸ் மாஸ்டர் முறைத்தார். தேறியது.

ஸ்நேரைக் கவிழ்த்ததும் கீழ் விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடத்தில் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. "இது அவுட்" என்றேன். பக்கத்தில் சிரிப்புச் சத்தம். "மடையா, அது ஸ்நேர் பெட். கம்பி படுக்கிறதுக்குன்னு வேணும்னே இழைச்சிருக்கான். அது இல்லாட்டாதான் ரிஜெக்ட் பண்ணணும்." பதினைந்து வருடம் குச்சியைத் தொடாதவன் சொல்கிறான். தரக் கட்டுப்பாட்டு அதிகாரி வாயை மூடிக்கொண்டேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன், தேவைப்படுபவர்கள் குறித்துக்கொள்ளலாம். தோலை ஷெல்மேல் வைத்தால் தளர்வாக உட்கார்ந்து, விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். பிடித்துக்கொண்டால் ஷெல் பெருத்திருக்கிறது, அல்லது மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறை தடித்திருக்கிறது. காற்றுத் துளையின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஏடு ஏடாக மரம் தெரியும், பசை விட்ட இடமும் தெரியும். ரிம்மைக் கழற்றிக் கண்ணாடி மேல் வையுங்கள், ஆடக் கூடாது. டென்ஷன் ராடு விரலால் திருகினாலே அடிவரை போக வேண்டும். இது பெரும்பாலான கம்பெனிகளில் 12-24 என்ற அங்குல மரை, அதனால் ராடு மட்டும் போனால் கிடைத்துவிடும். பெடலைக் கையால் அமுக்கிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டாமை ஸ்டாண்டில் மாட்டி உள்ளங்கையால் கீழே அழுத்துங்கள். தலை கவிழ்ந்தால் மேடையிலும் கவிழும்.

மரத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மலிவு செட் பெரும்பாலும் பாப்லர். கடைக்காரரே அதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்வார். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1963-ல் வாங்கிய லட்விக் செட்டில் மூன்று ஏட்டு ஷெல். நடு ஏடு பாப்லர்தான். அவருக்குப் போதுமானது நமக்குப் போதும். மேப்பிளும் பிர்ச்சும் வேறுபடவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தோலும் விளிம்பும் சரியாக இல்லாத இடத்தில் அந்த வித்தியாசம் காதுக்கு வந்து சேராது.

விளிம்பு பார்த்து, தோல் கட்டி, கடைசியாகத்தான் காது. வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் இன்னொருவர், நடுவே இருபதடி. ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக, முதலில் மெதுவாக, பிறகு நடுத்தரமாக, பிறகு ஓங்கி. நல்ல டிரம் மெதுவாக அடித்தாலும் வாய் திறக்கும். ஓங்கி அடித்தால் மட்டும் பேசுவது சரியில்லை. 12, 13, 16 மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே குடும்பச் சாயலில் இறங்கிவர வேண்டும். லேசாக ஒலி நீண்டால் பயப்பட வேண்டாம். அதை ஒரு துண்டுத் துணியால் அடக்கிவிடலாம். ரிங்கோவே 1969 ரெக்கார்டிங்கில் டாம் மேல் துவாலை போட்டு வாசித்தவர். ஆனால் கடையில் ஏற்கெனவே டேப் ஒட்டி வைத்திருந்தால் அதை உரிக்கச் சொல்லுங்கள். உரிக்க மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

சிம்பல் ஒன்றுதான் ஏமாற்ற முடியாதது. மலிவு செட்டோடு வருவது பித்தளை. தட்டுமுட்டுச் சாமான் விழுந்த சத்தம்தான் வரும், சுருதி கூட்டவும் முடியாது. நல்ல சிம்பல் வெண்கலம்: 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம், பி-20 என்பார்கள். 1623 முதல் பெயர் சொல்லும் ஜில்ஜியன் குடும்பத்தின் கலவை அதற்குப் பக்கத்தில்தான். அடுத்த படி பி-8, அதாவது 8 பங்கு வெள்ளீயம். மாணவர்களுக்கு அதுவே மோசமில்லை. கோயில் மணியையும் வெண்கலத்தில் வார்ப்பது நமக்குத் தெரிந்ததுதானே.

நேற்று இரவு எட்டு மணிக்கு, நான் கொண்டுவந்திருந்த ஒரே ஒரு புதுத் தோலை ஃப்ளோர் டாமில் போட்டோம். இரண்டு ஏடு உள்ள தோல். எதிரெதிர் ராடாகத் திருகி, ஒவ்வொரு ராடுக்குப் பக்கத்திலும் தட்டி, ஒரே ஒலி வரும்வரை கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று பதினைந்து நிமிடம். திருகியது அவன். நான் டார்ச் பிடித்தேன். பிறகு குச்சியை எடுத்து நடுவில் ஒரே ஓர் அடி. ஒர்க்‌ஷாப் தகரக் கூரை வரை போய்த் திரும்பியது. வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். அவன் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதுவாடா அது?" என்றான். அதையே இன்னொரு தடவை கேட்டான்.

ஆகவே மாலையில் நான் கொண்டுவரும் திருத்தம் இது. புதிய செட் வேண்டாம். எல்லாத் தோலும் மாற்ற வேண்டும். ஒரு புதிய ஸ்நேர், ஏனென்றால் பழையதின் ஸ்ட்ரெய்னர் செத்துவிட்டது. ஒரு நல்ல பெடல், மூன்று உறுதியான ஸ்டாண்ட், உட்கார ஒரு ஸ்டூல். மிச்சத்தில் பி-20 சிம்பல், குறைந்தது ஹை-ஹாட்டும் ஒரு ரைடும். பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகும், போகட்டும். வருடா வருடம் தோல் மாற்ற ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் லட்ச ரூபாய் செட்டும் இரண்டு வருடத்தில் இதே கதிக்கு வந்துவிடும். இதில் என்னோடு உடன்படாத சீனியர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். புதிய செட் என்றால் நன்கொடையாளர் பெயரை முன்பக்கத் தோலில் எழுதலாம் என்று ஒரு யோசனை காதில் விழுந்தது. அண்ணே, புதுத் தோல் இப்போதும் போடத்தான் போகிறோம். அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

புதியதுதான் வேண்டும் என்று பொதுக்குழு முடிவு செய்தால் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. கடைக்கு அந்த மாணவி போக வேண்டும். பரீட்சை இருந்தால் பரீட்சை முடிந்த பிறகு போகட்டும்.

இது டிரம் கீ. ஓசூர் அண்ணன் லேத்தில் கடைந்து கொடுத்தது. 2010-ல் செட்டோடு வந்த கீயை மூன்றாம் நாளே தொலைத்துவிட்டோம், அதனால்தான் ஸ்பானர். இதைச் செயலாளரிடம் கொடுக்கவில்லை, பீரோவுக்குள் போய்விடும். இசிஇ தங்கச்சி எங்கே? வாம்மா, வந்து வாங்கிக்கோ. மதிய இடைவேளையில் 13 அங்குல டாமுக்கு உப்புத்தாள் போடப் போகிறோம், நீயும் வா. நாலாவது வரிசை அண்ணன் சொல்லிக்கொடுப்பார்.